தூக்கம் வராத மாத்திரைக்கு அளவு எது?

தும்மலுக்கும் அரிப்புக்கும் நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் என்று அவற்றுக்குப் பெயர்கள் பல. "தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை குடுங்க" என்று கேட்டால் மருந்துக்கடையில் உடனே எடுத்துத் தந்துவிடுகிறார்கள். தூக்கம் வரவில்லை என்றால் அந்த மருந்து உடம்பை ஒன்றும் செய்யாது, யார் போட்டாலும், எத்தனை போட்டாலும், எத்தனை மாதம் போட்டாலும் பாதகமில்லை என்ற எண்ணம் நம்மிடையே வேர்விட்டிருக்கிறது. நோயாளிகளிடம் மட்டும் என்று இல்லை, சீட்டு எழுதுகிறவர்களிடமும் அது இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். மருந்து எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அளக்கத் தூக்கம் உதவாது. பழைய மருந்துகளில் அந்த அளவுகோல் நம்மை ஏமாற்றியது. புதிய மருந்துகளில் அந்த அளவுகோலே கிடையாது. சாப்பிடுகிறவரின் வயது, சிறுநீரகம், கூடவே போகும் மற்ற மருந்துகள், எதற்காக எத்தனை நாள் என்ற கணக்கு ஆகியவற்றைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பழைய மருந்துகள். டேனியல் போவே என்ற அறிவியலாளரும் அவருடைய மாணவி அன்-மரி ஸ்டாப்பும் 1937ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளைக் கண்டறிந்தார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை கொண்டது. ஆனால் வழி திறந்துவிட்டது. 1940களில் மருந்துகள் வரிசையாக வந்தன. போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் எல்லோரும் அறிந்த அவில், அரசு மருத்துவமனைகளில் சிபிஎம் என்று சொல்லித் தரும் குளோர்ஃபெனிரமின், எல்லாம் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. இவை ஏன் தூக்கம் தருகின்றன? மூக்கிலும் தோலிலும் தொல்லை கொடுக்கும் அதே ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை விழித்திருக்கச் செய்கிறது. பழைய மருந்துகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் தாராளமாக நுழைந்து அங்கேயும் ஹிஸ்டமினைத் தடுத்துவிடுகின்றன. குளோர்ஃபெனிரமினில் பாதி உடம்பை விட்டு வெளியேறப் பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. இரவில் போட்ட மாத்திரை மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் உள்ளே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

"தூக்கம் வந்தால் எனக்குத் தெரியாதா? அப்போது வண்டியை எடுக்காமல் இருந்துவிடுகிறேன்" என்று சொல்பவர் உண்டு. அவருக்கு விடை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் கிடைத்தது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், கார் ஓட்டுவது போன்ற அனுபவத்தை அப்படியே தரும் ஒரு கருவியில் 40 பேரை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு தடவையாக நான்கு பொருள்கள் தரப்பட்டன: ஃபெக்ஸோஃபெனடின் 60 மி.கி., பழைய மருந்தான டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி., மது, மருந்தில்லாத வெறும் மாத்திரை. எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிட்டவர்கள் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள். டைஃபென்ஹைட்ரமின் சாப்பிட்டவர்கள் முன்னால் போகும் வண்டியைச் சீராகத் தொடர்வதில் மது குடித்தபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது மற்றொரு முடிவு. தங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து, எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று சரிவரக் கணிக்க முடியவில்லை. கண் சொக்காமலே கை தடுமாறலாம். இரு சக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிற நம் மக்களுக்கு இதைவிட அவசரமான செய்தி இல்லை.

புதிய மருந்துகள் எல்லாமே இந்த விஷயத்தில் ஒரே தரம் என்று நினைப்பதும் சரியில்லை. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் யனாய் குழுவினர் பெட் ஸ்கேன் கொண்டு, மாத்திரை சாப்பிட்டவரின் மூளையில் ஹிஸ்டமின் அமர வேண்டிய இடங்களில் எத்தனை விழுக்காட்டை மருந்து பிடித்துக்கொள்கிறது என்று அளந்தார்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தூக்கம் தராத மருந்து, 20 முதல் 50 வரை ஓரளவு தருவது, அதற்கு மேல் தூங்க வைப்பது என்று வகுத்தார்கள். ஃபெக்ஸோஃபெனடின் ஏறக்குறைய பூஜ்யம். செட்ரிசின் 10 மி.கி. கொடுத்தபோது 12.6 விழுக்காடு, அதே செட்ரிசினை 20 மி.கி. ஆக்கியபோது 25.2. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரை தூக்கம் தராத வகை, இரண்டு மாத்திரை ஓரளவு தூக்கம் தரும் வகை. மருந்தின் பெயரில் இல்லை அந்தக் குணம், அளவில் இருக்கிறது. 10 மி.கி.யிலேயே சிலருக்குத் தூக்கம் வருகிறது என்பதும் உண்மை. அமெரிக்க மருந்துக் குறிப்பு ஏட்டின்படி செட்ரிசின் சாப்பிட்டவர்களில் சுமார் 14 விழுக்காட்டினரும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 6 விழுக்காட்டினரும் தூக்கக் கலக்கத்தைச் சொன்னார்கள். அந்த நாட்டு விமானிகள் ஃபெக்ஸோஃபெனடினும் லோராடடினும் சாப்பிட்டுப் பறக்க அனுமதி உண்டு, செட்ரிசினுக்கு இல்லை.

தூக்கம் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்ற நம்பிக்கையை உடைத்த வரலாறு டெர்ஃபெனடினுடையது. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற இதுதான் அங்கே வந்த முதல் தூக்கம் தராத ஒவ்வாமை மருந்து. கோடிக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 39 வயதுப் பெண் ஒருவரின் நிலை வெளியானது. வழக்கமான அளவில் டெர்ஃபெனடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். பூஞ்சைத் தொற்றுக்குக் கீட்டோகோனசோல் மாத்திரையும் சேர்ந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாகி மயங்கி மயங்கி விழுந்தார். காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இது: டெர்ஃபெனடின் குடலிலிருந்து கல்லீரல் வழியாகப் போகும்போதே அங்குள்ள ஒரு நொதி அதன் ஒரு முனையில் ஆக்சிஜனைச் சேர்த்து வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. சாதாரண மனிதரின் இரத்தத்தில் டெர்ஃபெனடினாகவே அது தென்படுவது அரிது. ஒவ்வாமையை அடக்கியது அந்த மாறிய பொருள்தான். கீட்டோகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. எரித்ரோமைசினும் அப்படியே செய்யும். பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப் ஃப்ரூட் சாறும் செய்யும். அப்போது மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கி, இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அடைக்கிறது. ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்கிறது. உயிரைப் பறிக்கும் துடிப்பு தொடங்குகிறது. கல்லீரல் கெட்டுப்போனவருக்கும், சொன்ன அளவைவிடக் கூடுதலாகப் போட்டவருக்கும் இதே கதி நேர்ந்தது.

இந்த வரலாற்றில் இரண்டு விஷயங்களை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று, இந்த ஆபத்துக்குத் தூக்கம் முன்னறிவிப்பாக இருக்கவில்லை. இரண்டு, எச்சரிக்கை விடுத்ததால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1992இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் அச்சிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மருந்தையும் சேர்த்து எழுதுவது பெருமளவு குறைந்ததே தவிர நிற்கவில்லை என்று சீட்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கடைசியில் கல்லீரல் எதை உண்டாக்கியதோ அந்தப் பொருளையே நேரடியாக மாத்திரையாக்கினார்கள். அதுதான் 1996இல் ஒப்புதல் பெற்ற ஃபெக்ஸோஃபெனடின். அது வந்த பிறகு 1998இல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியது. அதே வகை ஆபத்து கொண்ட அஸ்டெமிசோல் 1999இல் விலகியது. கீட்டோகோனசோலுடன் சேர்ந்தால் ஃபெக்ஸோஃபெனடினின் இரத்த அளவும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. ஆனால் க்யூடி இடைவெளி நீளவில்லை. பாதுகாப்பு என்பது இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக நிரூபித்துப் பெறுவது.

அந்த நொதியின் கதை பழங்கதை ஆகிவிடவில்லை. இந்தியா முழுக்கப் படர்தாமரை இன்று அடங்காத தொல்லையாக இருக்கிறது. அதற்கு இட்ராகோனசோல் வாரக்கணக்கில் எழுதப்படுகிறது. அரிப்புக்காக அதே சீட்டில் ஓர் ஒவ்வாமை மாத்திரையும் ஏறுகிறது. இட்ராகோனசோலும் கீட்டோகோனசோலைப் போலவே அதே நொதியை முடக்குவது. இந்த நிலையில் அதே நொதியை நம்பியிருக்கும் ரூபடடினையோ எபாஸ்டினையோ சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினோ, சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு லெவோசெட்ரிசினோ போதும். இரண்டு பெயர்களை மாற்றி எழுதுவதற்கு ஆகும் நேரம் சில நொடிகள்தான்.

இப்போது சிறுநீரகத்துக்கு வருகிறேன். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத தவறு அதிகம் நடக்கிறது என்பது என் கருத்து. செட்ரிசினில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 விழுக்காடு, சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் ஓரளவு பழுதானவருக்கு அது உடம்பில் தங்கும் நேரம் மும்மடங்காகிறது. டயாலிசிஸ் செய்தாலும் அது சொற்பமே வெளியேறும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வரும் கொடுமைகளில் ஒன்று ஓயாத அரிப்பு. அரிப்பு என்று சொன்னதும் செட்ரிசின் எழுதப்படுகிறது. எவருக்கு அந்த மருந்து மிகக் குறைவாகத் தரப்பட வேண்டுமோ அவரைத் தேடித்தான் அது போகிறது. போதாக்குறைக்கு, சிறுநீரக அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கும் இல்லை.

இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 75 வயது, 42 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டி என்று வைத்துக்கொள்வோம். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் 1.1 என்று இருக்கிறது. பக்கத்தில் பெரும்பாலும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும். மருந்தளவுக்கு மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போடுங்கள்: 140இலிருந்து வயதைக் கழித்தால் 65, அதை எடையால் பெருக்கி, 72 பெருக்கல் 1.1 ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் கிடைப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 29 மி.லி. தசை குறைந்த உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு, அதனால்தான் 1.1 என்ற எண் சிறுநீரகத்தின் தளர்ச்சியை மறைத்துவிடுகிறது. 10 முதல் 30 வரை உள்ளவர்களுக்கு லெவோசெட்ரிசின் 2.5 மி.கி., வாரத்துக்கு இரண்டு முறை என்கிறது அமெரிக்கக் குறிப்பு ஏடு. அதாவது வாரத்துக்கு 5 மி.கி. நாமோ தினம் 5 மி.கி. எழுதுகிறோம், வாரத்துக்கு 35 மி.கி. ஏழு மடங்கு. அந்த மூதாட்டி பகலில் கண்ணயர்ந்தால், கழிப்பறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்தால், "வயசாயிடுச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகம் வராது. அது தூக்கம் வராத மாத்திரை அல்லவா! நாடுகளுக்கிடையே இந்த அட்டவணைகள் சற்று வேறுபடும். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தால் அளவைக் குறை, 10க்குக் கீழே போனால் லெவோசெட்ரிசினைத் தொடாதே என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஃபெக்ஸோஃபெனடினுக்கும் இங்கே விலக்கு இல்லை. நாளுக்கு 60 மி.கி. ஒரு வேளை என்று தொடங்க வேண்டும்.

லெவோசெட்ரிசின் பற்றி இங்கேயே ஒன்று. செட்ரிசினில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு பாதிகள் உண்டு. வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்ததே லெவோசெட்ரிசின். ஆகவே இதில் 5 மி.கி., அதில் 10 மி.கி.க்குச் சமம். "அது பத்து, இது அஞ்சு, அப்ப இதுல ரெண்டு போட்டுக்கலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் அளவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளின் சிரப்பில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். செட்ரிசின் சிரப்பில் வழக்கமாக 5 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும், லெவோசெட்ரிசினில் 2.5 மி.கி.; ஃபெக்ஸோஃபெனடின் திரவத்தில் 30 மி.கி. சீட்டில் "5 மி.லி." என்று மட்டும் எழுதினால், கடையில் பாட்டில் மாறும்போது மருந்தும் மாறிவிடும். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை செட்ரிசின் நாளுக்கு 2.5 மி.கி.யில் தொடங்கி 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஃபெக்ஸோஃபெனடின் என்றால் 2 முதல் 11 வயது வரை 30 மி.கி. இரு வேளை; 12 வயதிலிருந்து பெரியவர்களின் அளவு. ஆகவே சீட்டில் மி.கி. கணக்கும், எந்த வலிமையுள்ள சிரப் என்பதும், மி.லி. கணக்கும் மூன்றும் இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வரும் மூடியில் 2.5 என்ற கோடு கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை மருந்தாளுநர் கையில் கொடுத்து, இந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் காட்டினால் தாய்க்குச் சந்தேகம் இராது.

எப்போது சாப்பிடுவது என்பதும் அளவில் அடங்கியதே. நம் ஊரில் மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பின் என்பது கேள்வி கேட்காத வழக்கம். பிலாஸ்டினுக்கு அந்த வழக்கம் ஒத்து வராது. உணவோடு சாப்பிட்டால் உடம்பில் சேர்வது சுமார் 30 விழுக்காடு குறைகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு விழுங்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது, தண்ணீர்தான் சரி. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெல்லை அதே நேரத்தில் குடித்தால் 40 விழுக்காடு போலக் குறையும். இதையெல்லாம் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மருந்து கேட்கவில்லை என்று நோயாளி நினைப்பார்; இரண்டாவது மாத்திரை சேரும்; பிறகு வேறொரு மருந்து சேரும்.

இந்த இடத்தில் விஷயம் அறிந்த ஒருவர் எழுந்து கேட்கலாம்: "நாள்பட்ட தோல் தடிப்பு நோய்க்கு நான்கு மடங்கு வரை கொடுக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டு நெறியே சொல்கிறதே, அப்படியானால் அளவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?" நியாயமான கேள்வி. ஆறு வாரத்துக்கு மேல் தடிப்பும் அரிப்பும் தொடரும் நாள்பட்ட அர்டிகேரியாவுக்கு அந்த நெறி பொருந்தும். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் படிக்க வேண்டும். புதிய மருந்துகளில் ஒன்றை வழக்கமான அளவில் கொடு. இரண்டு முதல் நான்கு வாரம் பார். அடங்காவிட்டால் அதே மருந்தை நான்கு மடங்கு வரை உயர்த்து. அப்போதும் அடங்காவிட்டால் ஓமலிசுமாப் ஊசிக்குப் போ. வெவ்வேறு ஒவ்வாமை மாத்திரைகளை ஒன்றோடொன்று கலக்காதே. இதில் காத்திருக்கும் காலம் இருக்கிறது, மேல் எல்லை இருக்கிறது, அடுத்த படி இருக்கிறது, கண்காணிக்கும் மருத்துவர் இருக்கிறார். மூக்கொழுகலுக்குக் கடையில் கேட்டு இரண்டு போடுவதற்கு இது சான்றாகாது. அலர்ஜி மூக்கடைப்புக்கு மாத்திரையின் அளவைக் கூட்டுவதைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். நான்கு மடங்கு என்ற அனுமதியைச் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் குழந்தைக்கும் நீட்டக் கூடாது. ஆக அந்த நெறி என் வாதத்தை மறுக்கவில்லை. அளவை உயர்த்துவதும் எழுத்தில் கணக்கு வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்கிறது.

ஒற்றை மருந்தாக எழுதுவது நம் நாட்டில் குறைந்துகொண்டே போகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை சாதாரணத் தும்மலுக்கெல்லாம் எழுதப்படுகிறது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை மனநிலை மாற்றங்கள் நேரலாம் என்பதால் மான்டெலுகாஸ்டுக்கு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது. மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்துகள் பயன்படாதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. கலவை மாத்திரையாகத் தரும்போது இது தமக்கு வேண்டுமா என்று யோசிக்கும் வாய்ப்பே நோயாளிக்கு இல்லை. குழந்தை திடீரென எரிந்து விழுந்தால் அலர்ஜி மாத்திரையைப் பெற்றோர் சந்தேகிக்கவும் மாட்டார்கள். சளி, காய்ச்சல் கலவை சிரப்புகளும் இப்படியே. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வைரஸ் சளிக்கு ஒவ்வாமை மருந்தால் முதல் ஓரிரு நாள் சிறு நிம்மதி, அதற்கு மேல் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சின்ன நிம்மதிக்காக ஒரு கைக்குழந்தையைத் தூக்கக் கலக்கத்தில் தள்ளுவதை எப்படி நியாயப்படுத்துவது?

"அரிப்பில் தூங்காமல் அழும் குழந்தைக்குத் தூக்கம் வருவது நல்லதுதானே?" என்று தாய்மார்கள் கேட்பதில் இரக்கம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் பழைய மருந்து தருவது இயல்பான உறக்கம் இல்லை. கனவு காணும் உறக்கப் பகுதியை அது குறைக்கிறது. மறுநாள் பள்ளியில் மந்தமாக உட்கார வைக்கிறது. சில நாளில் தூக்க விளைவும் பழகிப்போகிறது. கரப்பான் போன்ற தோல் அழற்சியின் அரிப்பில் ஹிஸ்டமின் முதன்மைக் காரணம் இல்லை. தோலை ஈரப்பதமாக வைத்து, சரியான களிம்பைச் சரியான நாள் வரை பூசினால் குழந்தை தானாகத் தூங்கும். வயதானவர்களுக்குப் பழைய மருந்து இன்னும் கெடுதல்: சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், கண் அழுத்தம், குழப்பம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் அமெரிக்கப் பட்டியலில் அவை நெடுங்காலமாக இருக்கின்றன.

எத்தனை நாள் என்ற கேள்வி சீட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் செட்ரிசின், லெவோசெட்ரிசின் பற்றி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர்கள் நிறுத்திய சில நாள்களில் உடம்பெல்லாம் கடும் அரிப்பு கண்டது என்று 2017 முதல் 2023 வரை 209 பேர் பற்றிய செய்திகள் வந்திருந்தன. மருந்தைச் சாப்பிடும் கோடிக்கணக்கானோரில் இது மிகச் சிறு எண்ணிக்கை. யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் இதன் வினோதத்தைப் பாருங்கள். அரிப்புக்காகச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தினால் அரிப்பு வருகிறது, நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி நோயாளி மறுபடி தொடங்குகிறார், அது அடங்குகிறது, மாத்திரை இல்லாமல் வாழ முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார். அப்படிப்பட்டவருக்கு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தும் வழி உண்டு என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

"உலகிலேயே மிகப் பாதுகாப்பான மருந்துகளில் இவையும் சேரும், பயமுறுத்தினால் தேவைப்படுகிறவரும் விட்டுவிடுவார்" என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். முதல் பாதியில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஒவ்வாமையால் மூக்கடைத்துத் தூங்காமல் தேர்வு எழுதும் மாணவருக்கு, தோல் தடித்து வேலைக்குப் போக முடியாத தொழிலாளிக்கு, இவை வரம். கருவுற்றிருக்கும் பெண்ணுக்குக்கூட மருத்துவர் தேவை என்று கருதினால் லோராடடினும் செட்ரிசினும் நீண்ட அனுபவம் உள்ள தெரிவுகள். நான் வேண்டுவது மருந்தைக் குறைத்துச் சாப்பிடுவதை அல்ல. சிலர் போதிய அளவு சாப்பிடாமலும் துன்பப்படுகிறார்கள். நாளுக்கு ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிட வேண்டியதைத் தும்மல் வந்த பிறகு மட்டும் போடுகிறார்கள். கணக்குத் தவறுவது இரண்டு பக்கமும் நடக்கிறது. அதில் ஒரு தவறு மட்டும் உயிரோடு விளையாடுவது: உணவோ குளவிக் கொட்டோ ஊசியோ காரணமாகத் தடிப்போடு மூச்சுத் திணறலும் தலைச்சுற்றலும் வந்தால், அவில் ஊசியும் டெக்ஸா ஊசியும் போட்டுக் காத்திருப்பது. அங்கே முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின்; பெரியவர்களுக்கு 0.5 மி.கி. ஒவ்வாமை மாத்திரையோ ஊசியோ அரிப்பைக் குறைக்கும். விழுகிற இரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைக்கிற தொண்டையைத் திறக்காது.

இறுதியாக, ஓ.பி.யில் வரிசை நீள நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மருத்துவ நண்பர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஒரு வரி எழுதும் நேரம்தான் நான் கேட்பது. "அலர்ஜி மாத்திரை 1-0-1" என்று இருக்கும் இடத்தில் "ஃபெக்ஸோஃபெனடின் 120 மி.கி., காலை ஒன்று, தண்ணீரோடு, 14 நாள், தும்மலுக்கு" என்று இருக்கட்டும். மருந்து போட்டுத் தரும் காகிதக் கவரின் மேலும் அதே வரி ஏறட்டும். "தும்மலுக்கு" என்ற அந்தக் கடைசிச் சொல் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலுக்கு அதை வாங்கிப் போட மாட்டார். எழுதும் முன் மருத்துவரும், கொடுக்கும் முன் மருந்தாளுநரும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: கிட்னியில் ஏதாவது குறை சொல்லியிருக்கிறார்களா? வேறு என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது? பதிலில் "சர்க்கரைக்குப் பதினைந்து வருஷமாகச் சாப்பிடுகிறேன்" என்று வந்தால், கிரியாட்டினின் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது மூன்றாவது கேள்வி.